லொரெட்டாவின் ஸ்டிரைக்

லொரெட்டாவை மண்ணுக்குள் வைத்து இரண்டு மாதம் ஆன பிறகும், மேல் அடுக்கின் பதினோராம் வரிசையில் அவள் ஸ்டிரைக்கில்தான் இருந்தாள். அப்படித்தான் அந்த வரிசை நம்பிக்கொண்டிருந்தது. நம்ப வைத்தவன் அவள் புருஷன் ரோமன் குபியாக். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், பள்ளிக்கூடப் பேருந்துகளின் அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய்ப் பிசுக்கோடு காலம் தள்ளுகிறவன். ஆனால் பொய்யும் விருந்தாளி மாதிரிதான். வந்து உட்கார்ந்துவிட்டால், எழுந்து போ என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிவதில்லை.

எல்லாம் டேவியன் மேஸால் வந்தது. டொலிடோ ஹெரன்ஸ் என்ற கூடைப்பந்து அணியில் பந்தைத் தட்டிக் கொண்டுவரும் கார்டு அவன். கொண்டுவந்த பந்தைக் கூடையில் போடாமல் திரும்புகிற வழக்கம் அவனுக்கு இல்லை. ஒரு ஆட்டத்துக்கு முப்பது பாயிண்ட் என்பது அவனுக்குக் காலைக் காப்பி. நவம்பர் கடைசியில், நன்றித் திருநாளுக்கு வெட்டிய வான்கோழியின் மிச்சம் வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜில் கிடக்கும்போதே, அவனை சான் டியேகோவுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். பெட்ராஸ் என்று லிதுவேனியாவிலிருந்து வந்த ஒரு நெட்டையன், ப்ரைஸ் என்று எதிராளியை ஒட்டிக்கொண்டே ஓடும் ஒரு ஒல்லிப்பையன். ஊர் இரண்டாகப் பிளந்தது. பிளந்த ஊரின் பாதிக்குத் தலைவியாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டாள் லொரெட்டா.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு அவள் மேஸின் மூன்றாம் எண் போட்ட பச்சை ஜெர்சியோடுதான் வந்தாள். அந்த எண்ணை இப்போது ப்ரைஸுக்குக் கொடுத்திருந்ததால், அதே எண் ஜெர்சி வைத்திருந்த மற்றவர்கள் முதுகில் மேஸின் பெயர் மேல் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேனாவால் ப்ரைஸ் என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஜெர்சி விலைக்கு வருஷா வருஷம் புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் அந்த ஊரில் அது வழக்கம்தான். வரிசையின் ஓரத்தில் உட்காரும் வெர்ன், தரைக்கு ஓடு பதிக்கிறவன், அப்படித்தான் ஒட்டியிருந்தான். லொரெட்டா அவன் பிளாஸ்திரியைப் பார்த்த பார்வையில் வெர்ன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான், அன்று முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

பதினோராம் வரிசை ஒரு தனி உலகம். பன்னிரண்டு வருஷமாக அதே ஆட்கள், அதே இருக்கை. லொரெட்டாவுக்கு இடப்பக்கம் நடா, மருந்துக்கடை வைத்திருக்கும் லெபனான்காரி. எந்த வாதத்துக்கும் போனில் ஒரு கணக்கு எடுத்து நீட்டுவாள். நேர் பின்னால் லூசியஸ், முப்பது வருஷம் தபால் போட்டு ஓய்வு பெற்ற கறுப்பு மனிதன். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஜாதி. வயது வித்தியாசம் அங்கே கிடையாது, எல்லாரும் எல்லாருக்கும் நீதான். யாருக்கு எந்தக் குளிர்பானம், யாருக்கு மூட்டு வலி, யார் எந்த ஆட்டக்காரனைச் சபிப்பார் என்பதெல்லாம் தெரியும். குடும்பப் பெயர் தெரியாது. வீடு தெரியாது. கோடை காலத்தில் கடையில் எதிரெதிரே பார்த்தால், எங்கேயோ பார்த்த முகம் என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அன்றைக்கு ஹெரன்ஸ் நன்றாகத்தான் ஆடினார்கள். பந்து ஐந்து பேர் கைக்கும் போய் வந்தது. லூசியஸுக்குக் கொண்டாட்டம். மேஸ் இருந்தபோது மற்ற நாலு பேரும் பஸ் வராத நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள், இப்போது பார், ஆட்டம் ஆட்டமாக இருக்கிறது என்று பின்னாலிருந்து ஓதிக்கொண்டே இருந்தான். போன வருஷத் தோல்விகளுக்கெல்லாம் மேஸ்தான் காரணம் என்று முடித்தான். லொரெட்டா திரும்பினாள்.

"விலாசம் மாறிப்போச்சு, லூசியஸ்," என்றாள். அவன் யார்மேல் பழி போட்டாலும் அவள் சொல்வது அதுதான். "முப்பது வருஷமா அடுத்தவன் கடுதாசிய எதிர்வீட்டுல போட்டுட்டு, இப்ப பழியையும் அப்பிடியே போடுற. சும்மா நாள்ல எல்லாருந்தான் ஆடுவான். கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் வித்தியாசம், அப்ப பந்த யார்கிட்ட குடுப்ப? நீ போடு, நீ போடுன்னு அஞ்சு பேரும் மரியாதை பண்ணிட்டு நிப்பானுங்க, மணி அடிச்சிரும்."

பிறகு எழுந்து நின்று, மேஸ் இந்தக் கூரைக்குக் கீழே மறுபடி கால் வைக்கிற வரைக்கும் தானும் வைக்கப்போவதில்லை என்று வரிசைக்கே அறிவித்துவிட்டு, ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதி முடியுமுன் படியிறங்கிப் போனாள். சோளச் சிப்ஸ் மேல் சீஸ் ஊற்றிய நாச்சோ பெட்டியை ஏந்திக்கொண்டு ரோமன் பின்னால் ஓடினான். வரிசை கைதட்டி வழியனுப்பியது. காரில் ஏறியதும் அவள் முதலில் கேட்டது, பச்சை மிளகாய் கூடுதலாகப் போடச் சொன்னாயா என்பதுதான்.

உண்மையில் ரோமன் அந்த டிரேடுக்கு, மேஸைக் கொடுத்து இரண்டு பேரை வாங்கிய அந்த மாற்றத்துக்கு, ஆதரவு. அதை வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கு அவன் தனியாக வந்தான், ஸ்டிரைக் அப்போது நிஜமான ஸ்டிரைக். அவள் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அவன் திரும்பும்போது வாசலிலேயே பதிலை வைத்துக்கொண்டு நிற்பாள். லூசியஸ் என்ன சொன்னான் என்று கேட்டுவிட்டு, இதைச் சொல் அவனிடம் என்பாள். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலை, காரின் மேல் விழுந்திருந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையில் துடைப்பத்தோடு சரிந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

பல் மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால், வேறு யார் உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது ரோமனுக்கு. லொரெட்டா பல் மருத்துவமனையில்தான் வரவேற்பு மேசையில் இருந்தாள், நாலு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று தினம் இருபது பேருக்குச் சொல்வாள். அவனுக்குச் சரியாகவில்லை. தேவாலயத்துப் பெண்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்து வைத்த நூடுல்ஸும் முட்டைக்கோஸ் உருண்டையும் தீரும்வரை தின்றான். எது என்ன ருசி என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டான். லொரெட்டாவின் தங்கை வந்து அலமாரியைக் காலி செய்து துணிகளை மூட்டை கட்டித் தானத்துக்கு எடுத்துப் போனாள். அவன் மூட்டைகளைக் காரில் ஏற்ற உதவினான். அழ வேண்டுமே என்று நினைத்துப் பார்த்தான், வரவில்லை.

அவள் தங்கை கண்ணில் படாமல் தப்பியது அந்தப் பச்சை ஜெர்சி ஒன்றுதான். அது துணி உலர்த்தும் மெஷினுக்குள் கிடந்தது. ரோமன் தன் துணிகளை உள்ளே போடுவான், காய்ந்ததும் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொள்வான், ஜெர்சியை எடுக்கமாட்டான். அடுத்த வாரமும் அவன் சட்டைகளோடு சேர்ந்து அது சூட்டில் சுற்றும். முதுகில் மேஸ் என்ற எழுத்து உரியத் தொடங்கி, வெள்ளைச் செதில்கள் அவன் சட்டைப் பையிலெல்லாம் ஒட்டின.

ஜனவரியில் ஒரு நாள் வீட்டுச் சத்தமின்மை தாங்காமல் ஆட்டத்துக்குப் போனான். சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போனான். படியேறி வரிசைக்குள் நுழையும்போதே வெர்ன், "வாப்பா ரோமன். எப்பிடி இருக்கா நம்ம ஸ்டிரைக்காரி?" என்று கேட்டான். நடா காலை மடக்கி வழி விட்டாள். லூசியஸ் பின்னாலிருந்து குனிந்தான். மூன்று முகமும் பதிலுக்குக் காத்திருந்தன, மூன்றிலும் சிரிப்பு. மூன்று வாரமாக அவன் பார்த்த எந்த முகத்திலும் அவள் பெயரோடு சிரிப்பு சேர்ந்து வந்ததில்லை.

"இன்னும் ஸ்டிரைக்குதான்," என்றான் ரோமன்.

அவ்வளவுதான் சொன்னான். மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். ஹெரன்ஸ் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த நேரம் அது. டிரேட் நடந்ததிலிருந்து எதிரணி எடுக்கும் பாயிண்ட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று நடா போனைக் காட்டி, இதை அவளிடம் காட்டு என்றாள். அவளுக்கு இதற்கு என்ன பதில் என்று கேட்டு வா என்றான் லூசியஸ். ரோமன் தலையாட்டினான். காலி இருக்கையில் தன் கோட்டை வைத்துக்கொண்டான். வருஷத்துக்கு மொத்தமாக வாங்கிய அந்த இருக்கை டிக்கெட்டை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் போனிலேயே விற்றிருக்கலாம். விற்காமல் வைத்திருந்ததே ஸ்டிரைக்குக்குச் சாட்சியாக நின்றது.

அதன் பிறகு அவன் பேருந்துகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு லொரெட்டாவின் பதில்களை யோசிக்கத் தொடங்கினான். எதிரணிகள் சொத்தையான அணிகள், பலமானவர்களோடு இன்னும் மோதவே இல்லை என்பது ஒரு வாரப் பதில். பெட்ராஸின் முட்டி பிப்ரவரி தாண்டாது என்பது மறுவாரப் பதில். தான் நம்பாத கட்சிக்கு வக்கீலாக நிற்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் வாயைத் திறந்து, "அவ என்ன சொல்றான்னா," என்று தொடங்கியதும் வரிசை அவன் பக்கம் சாயும். வெர்ன் கடைசி ஆட்டத்தில் யார் ஜெயித்தார்களோ அதை வைத்துக் கட்சி மாறுகிறவன், சில நாள் அவள் சொல்வதுதான் நியாயம் என்பான். லூசியஸ் மறுப்பான். நடா கணக்கு எடுப்பாள். ஊரில் வேறு எங்கு போனாலும் லொரெட்டா இறந்தகாலத்தில் இருந்தாள். இங்கே ஒரு இடத்தில்தான் சொன்னாள், செய்தாள் என்று பேசாமல், சொல்றா, செய்றா என்று பேசினார்கள்.

பிப்ரவரி முடிகிற சமயம் லூசியஸ் ஒரு பதிலைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தேய்த்தான்.

"ஏம்ப்பா, இது அவ பேசுற மாதிரி இல்லையே. ரொம்ப நியாயமா இருக்கு. காரமே இல்ல. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள் என்றான் ரோமன். வீட்டுக்கு வண்டியோட்டிக்கொண்டு போகையில் லூசியஸ் சொன்னது உண்மை என்று தெரிந்தது. அவன் உண்டாக்கிய பதில்களில் இப்போதெல்லாம் அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். அவள் குரலை நினைத்துப் பார்த்தான், கிடைத்தது. அந்தக் குரல் லூசியஸுக்கு என்ன சொல்லும் என்று கேட்டால் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷம் தினமும் வாங்கிய திட்டில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அன்றைக்கு அவனுக்குப் பயமாக இருந்தது. டிசம்பருக்குப் பிறகு அவன் உணர்ந்த ஒரே விஷயம் அந்தப் பயம்தான், அதுவும் வீடு போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது.

அதற்குள் மார்ச் வந்துவிட்டது. சான் டியேகோ அணி டொலிடோவுக்கு வரும் நாள் அட்டவணையில் முதலிலிருந்தே இருந்தது. மேஸ் அந்தக் கூரைக்குக் கீழே மறுபடி கால் வைக்கப்போகிறான். ஸ்டிரைக் முடிய வேண்டிய நாள். வரிசைக்கு அது திருவிழா. முந்தின ஆட்டத்திலேயே ஏற்பாடு நடந்தது. லூசியஸ் ஒரு நிபந்தனை போட்டான். மேஸின் பெயரை அறிவிக்கும்போது ஊர் கூச்சலிட்டாலும் லொரெட்டாவுக்காக வரிசை எழுந்து நிற்கும், ஆனால் உட்கார்ந்ததும் நான் விட்ட இடத்திலிருந்து வாதத்தைத் தொடங்குவேன், அதற்குத் தயாராக வரச் சொல் என்றான். சரி என்றான் ரோமன்.

அன்று மாலை போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தான். அவளுக்குக் காய்ச்சல் என்று அடுத்த முறை சொல்லலாம். அடுத்த முறை ஒன்று சொன்னால் அதற்கடுத்த முறை ஒன்று. மெஷினைத் திறந்து ஜெர்சியை எடுத்தான். எழுத்தில் முக்கால்வாசி உரிந்து, மூன்று என்ற எண் மட்டும் ஒருவாறு தெரிந்தது. மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். காய்ச்சல் என்றே சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

வரிசைக்கு வந்தபோது அவள் இருக்கை காலியாக இல்லை. நாச்சோ பெட்டி ஒன்று இருந்தது. நடா வாங்கி வைத்தது. பச்சை மிளகாய் கூடுதலாக, குவியலாக. வெர்ன் கால்களுக்கிடையே ஒரு அட்டையைப் பிடித்திருந்தான். ஸ்டிரைக் முடிந்தது, நிர்வாகமே மன்னிப்புக் கேள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அவன் முதுகிலிருந்த பிளாஸ்திரியைக்கூட அன்றைக்கு உரித்திருந்தான். மூன்று பேரும் ரோமனுக்குப் பின்னால் படியை எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க? கீழ வண்டி நிறுத்துறாளா?" என்றாள் நடா.

மிளகாய்க் குவியலைப் பார்த்தபடி ரோமன் நின்றான். காய்ச்சல் என்ற வார்த்தை வரவில்லை.

"அவ வரமாட்டா," என்றான். "டிசம்பர்லயே செத்துப்போயிட்டா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன், ஒவ்வொரு தடவையும்."

கீழே விளக்குகள் அணைந்து, அறிமுகம் தொடங்கியது. பெரிய திரையில் மேஸ் இங்கே போட்ட கூடைகளையெல்லாம் தொகுத்து ஓடவிட்டார்கள். அரங்கில் பாதி கைதட்டியது, பாதி ஊளையிட்டது. பதினோராம் வரிசை எழுந்து நின்றது. ஏற்பாடு செய்தபடி நின்றதா, வேறு எப்படி நிற்பது என்று தெரியாமல் நின்றதா என்று சொல்ல முடியாது. நடா அழுதாள். வெர்ன் அட்டையைத் திருப்பிக் காலடியில் வைத்து, எழுத்து தெரியாமல் இருக்க அதன்மேல் தன் கோட்டைப் போட்டான். லூசியஸ் பின்னால் என்ன செய்தான் என்று ரோமன் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெர்சியை எடுத்து இருக்கையின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கோபித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தான், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் கடைசிவரை இழுத்தது. முக்கால் ஆட்டம் பந்து ஐந்து கைக்கும் போய் வந்து ஹெரன்ஸ் முன்னால் இருந்தார்கள். மேஸ் மெதுவாகத் தொடங்கி, நாலாம் கால்பகுதியில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கிட்டே வந்தான். கடைசி நிமிஷம் ஒரு பாயிண்ட் வித்தியாசம். ப்ரைஸ் மேஸை ஒட்டிக்கொண்டு நின்றான், மேஸ் அவனை ஒரு அசைப்பில் சறுக்கவிட்டுத் தூரத்திலிருந்தே போட்டான். உள்ளே. பிறகு பந்து ஹெரன்ஸ் கைக்கு வந்தது. பெட்ராஸிடம் போனது, ப்ரைஸிடம் வந்தது, மூலைக்குப் போனது, திரும்ப வந்தது. ஒருவனும் வளையத்தைப் பார்க்கவில்லை. நீ போடு, நீ போடு என்று மரியாதை பண்ணிக்கொண்டிருக்கையில் மணி அடித்தது.

கீழ் வரிசைக்காரர்கள் எழுந்து கோட்டை மாட்டத் தொடங்கினார்கள். பிறகு வெர்ன் தொண்டையைக் கனைத்தான்.

"அவ சொன்ன மாதிரியே நடந்துச்சு," என்றான். "முதல்லயிருந்தே அவ சொன்னதுதான் சரி. அந்த டிரேட் தப்பு."

நடா மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டாள். தன் கணக்குகள் கடைசி நிமிஷத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, லொரெட்டாவுக்கு அது தெரிந்திருந்தது என்றாள். இறங்கிப் போய்க்கொண்டிருந்த பத்தாம் வரிசைக்காரர் கூட விஷயம் கேள்விப்பட்டு நின்று, அந்த அம்மாவுக்கு ஆட்டத்தில் நல்ல கண் என்றார். நல்ல மனிதர்கள். தங்களிடம் கொடுக்க இருந்த ஒரே பொருளை, வாதத்தை, எடுத்து அவன் கையில் வைத்துவிட்டார்கள். ரோமன் நன்றி என்றான். நாலு மாதமாக அவள் தோற்றுக்கொண்டிருந்தாள், அதனால் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு பதில் தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. இப்போது ஜெயித்துவிட்டாள். இனி யாரும் அவளிடம் எதையும் கேட்டு வரச் சொல்லமாட்டார்கள். சவப்பெட்டியை இறக்கியபோது வராத துக்கம் இப்போது வந்தது. முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"தப்பு," என்றான் லூசியஸ் பின்னாலிருந்து.

நடா திரும்பி முறைத்தாள். வெர்ன் வேண்டாம் என்று கை காட்டினான். லூசியஸ் கண் சிவந்திருந்தது. ஆனாலும் முன்னால் குனிந்து, ரோமனின் தோளுக்கு மேல், ஜெர்சி போட்டிருந்த இருக்கையைப் பார்த்துத்தான் பேசினான்.

"ஒரு ஆட்டத்த வச்சு என்னத்தச் சொல்றது? பெட்ராஸ் அங்க காலியா நின்னான், கைய வேற தூக்கிட்டு நின்னான். ப்ரைஸ் பாக்கல. தப்பு ப்ரைஸ் மேல. டிரேட் நல்ல டிரேட். அவ நவம்பர்லயும் தப்பு, இன்னைக்கும் தப்பு." மூக்கை உறிஞ்சினான். "இதுக்கு என்ன சொல்றா?"

ரோமன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வந்திருக்காது.

"விலாசம் மாறிப்போச்சு, லூசியஸ்," என்றான். "பாவம் அந்த ஒல்லிப்பையன் வீட்டு வாசல்ல போட்டுட்டு வந்துட்ட. அது மாடியில கண்ணாடி ரூம்ல உக்காந்து டிரேட் பண்ணானே மேனேஜர், அவனுக்கு வந்த கடுதாசி. முப்பது வருஷமா உனக்கு எவன்தான் சம்பளம் குடுத்தானோ."

சொல்லி முடித்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. கீழே ஆட்கள் தரையைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்கள். நடா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதான் அவ," என்றான் லூசியஸ். நாச்சோ பெட்டியை எடுத்து ரோமன் மடியில் வைத்தான், ஆறிப்போய் சீஸ் கட்டியாகியிருந்தது. கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துவிட்டு எழுந்து, கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டான்.

"கண்ணாடி ரூம் வாதத்துக்கு என்கிட்ட பதில் இருக்கு," என்றான். "இன்னைக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல சொல்றேன். சொல்லிவை அவகிட்ட."

"சொல்றேன்," என்றான் ரோமன்.